மனைவியின் பெயர் சிவலிங்கம்

பாரீஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலுக்கு முருங்கைக்காய் வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பி வருவது எனக்கு வழக்கமாகிவிட்டது. கடைக்குள் நுழைவதற்குள் யாராவது ஒருவர் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டிவிடுவார். போன வாரம் ரூ பிலிப்-து-ஜிராரில் ஒரு மீன்கடை வாசலில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"மதாம், நீங்கள் முந்தி மேரியிலை இருந்தனீங்கள்தானே? இதிலை 'நோம்' எண்டு ஒரு பெட்டி கிடக்கு, 'ப்ரேநோம்' எண்டு இன்னொரு பெட்டி கிடக்கு. எதுக்குள்ளை என்ரை பேரைப் போடுறது, எதுக்குள்ளை அப்பான்ரை பேரைப் போடுறது? பிழையா அமத்தினால் பிறகு திருத்தேலாதாம்."

நோம் குடும்பப் பெயர், ப்ரேநோம் சொந்தப் பெயர். நான் வாயைத் திறப்பதற்குள் மீன் வெட்டுகிறவர் உட்பட நான்கு பேர் நான்கு விதமாகப் பதில் சொல்லிவிட்டார்கள். நான்கும் தவறு. அவருடைய கார்த்தை, அதாவது வதிவிட அட்டையை, வாங்கிப் பார்த்து, அதில் உள்ளபடியே நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். முருங்கைக்காய் தீர்ந்துபோயிருந்தது.

மேரி என்றால் பாரீஸில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் உள்ள நகரமன்ற அலுவலகம். அதில் பிறப்பு, திருமணம், இறப்பு பதிகிற பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். எந்த வட்டாரம் என்று சொல்லப்போவதில்லை. இந்த வேலையில் சேர்ந்த அன்றே வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு பாதிதான் திறக்கிறேன்.

நான் புதுச்சேரிக்காரி. பெயர் செலின் ப்ரூதான். என் கொள்ளுத்தாத்தா ஊர் வழக்கச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியபோது ஒரு குடும்பப் பெயர் வேண்டும் என்று கேட்டார்களாம். எழுத்தர் சொன்ன மூன்று பெயர்களில் உச்சரிக்க எளிதானதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். ப்ரூதான் என்றால் முன்ஜாக்கிரதை உள்ளவன். எங்கள் வீட்டில் ஒருவரும் அப்படி இல்லை. போட்டித் தேர்வு எழுதினேன், தேறினேன், ஆறு வாரம் பயிற்சி கொடுத்தார்கள், ஜன்னலில் உட்காரவைத்தார்கள். பயிற்சியைப் பற்றி இவ்வளவுதான் நினைவிருக்கிறது.

நான் தமிழ் பேசுவேன் என்று தெரிந்ததும் தமிழர் யார் வந்தாலும் என் ஜன்னலுக்கு அனுப்பினார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் இலங்கைத் தமிழர். அவர்கள் பேசியது தமிழ்தான் என்று எனக்குப் புரியவே ஒரு மாதம் ஆயிற்று. முதலில் வந்தவரிடம், "கல்யாணம் ஆயிடுச்சுங்களா?" என்றேன். "ஓம்" என்றார். பக்திமான் போலிருக்கிறது, பிரார்த்தனை முடியட்டும் என்று காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். பின்னால் வரிசை நீண்டது. இன்னொருவர், நான் வேகமாக எழுதுவதைப் பார்த்துவிட்டு, "அக்கா, ஆறுதலா எழுதுங்கோ" என்றார். அது இறப்புப் பதிவு. அவர் மாமனார் இறந்திருந்தார். ஆகவே முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு, பேனாவை நிறுத்தி, "எல்லாம் கடவுள் சித்தம்ங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர்கள் ஊரில் ஓம் என்றால் ஆமாம், ஆறுதலாக என்றால் அவசரப்படாமல் என்று அர்த்தம் என்பது பிறகுதான் தெரிந்தது.

என் மேலதிகாரி முசியே மொரெல். ஒல்லியானவர். கோடையிலும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. அவர் வாயிலிருந்து 'முடியாது' என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. 'இன்னும் இல்லை' என்பார். ஒரு காகிதம் குறைந்தாலும் இன்னும் இல்லை, ஆளே தவறான ஊருக்கு வந்திருந்தாலும் இன்னும் இல்லை. அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம், வெற்றிடம். பதிவேட்டில் எழுத்து முடிந்த இடத்திலிருந்து ஓரம் வரை ஒரு கோடு இழுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் யாராவது ஒரு சொல்லைச் செருகிவிடலாம். அது விதிதான். ஆனால் அவர் வீட்டுக்கும் அந்த விதியைக் கொண்டுபோயிருந்தார். என் பிறந்தநாளுக்கு எல்லோரும் கையெழுத்துப் போட்டு வாழ்த்து அட்டை கொடுத்தார்கள். கடைசியாகக் கையெழுத்திட்டவர் அவர். தன் பெயருக்குக் கீழே மிச்சமிருந்த இடம் முழுவதும் அளவுகோல் வைத்துக் குறுக்கே கோடு போட்டிருந்தார்.

தமிழ்ப் பெயர்கள் அந்த அலுவலகத்தையே படாத பாடு படுத்தின. நமக்கு அப்பா பெயர் முன்னால், நம் பெயர் பின்னால். அண்ணனும் தம்பியும் ஒரே குடும்பப் பெயர். ஆனால் அப்பாவுக்கும் மகனுக்கும் வேறு வேறு. அதைக் கண்டு என் சகாக்கள் ஒவ்வொரு முறையும் மோசடி என்று நினைத்தார்கள். ஆகவே நான் ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன்: 'தமிழரிடம் குடும்பப் பெயர் என்று இருப்பது தகப்பனின் சொந்தப் பெயர். மோசடி அல்ல.' கீழே மூன்று விரல் அகலம் இடம் மிச்சமிருந்தது. கல்யாணமான பெண்கள் புருஷன் பெயரை முன்னால் போட்டுக்கொள்வார்கள் என்பதை மறுநாள் சேர்க்கலாம் என்று வைத்திருந்தேன். மறுநாள் வந்து பார்த்தால் முசியே மொரெல் அந்த மூன்று விரல் இடத்திலும் கோடு போட்டு, குறிப்பைப் பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டி, சுவரில் மாட்டியிருந்தார். "அருமையான குறிப்பு, மதாம் ப்ரூதான்" என்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். பாராட்டு கிடைத்த வாயால் குறை சொல்ல வரவில்லை.

இரண்டு வருடம் அந்தக் குறிப்பால் ஒரு தொல்லையும் இல்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது.

பிள்ளை பிறந்தால் மூன்று நாளைக்குள் பதிய வேண்டும் என்பது அன்றைய சட்டம். இப்போது ஐந்து நாளாக்கியிருக்கிறார்கள். கெடு தாண்டிவிட்டால் மேரியில் பதிய முடியாது, நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வக்கீல், விண்ணப்பம், மாதக்கணக்கில் காத்திருப்பு. அதுவரை அந்தப் பிள்ளை காகிதத்தில் பிறக்கவே இல்லை. இந்த ஒரு சட்டத்தை மட்டும் நான் லா ஷப்பலில் பார்த்த கர்ப்பிணிகளுக்கெல்லாம் வழிமறித்துச் சொல்லியிருக்கிறேன்.

அன்று மதியம் நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது மணி மூன்றரை. என் ஜன்னலில் எனக்குப் பதிலாக வலெரி என்ற புதுப் பெண்ணை உட்காரவைத்திருந்தார்கள். சேர்ந்து இரண்டு மாதம். எந்தக் குறிப்பைக் கொடுத்தாலும் மனப்பாடம் செய்துவிடுகிறவள். அவள் இருக்கையில் இல்லை. ஜன்னலுக்கு வெளியே உணவகச் சமையல்காரரின் கட்டம் போட்ட காற்சட்டையில் ஒருவர் சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வணக்கம் அக்கா! பொம்பிளைப் பிள்ளை!" என்றார்.

உள்ளே முசியே மொரெலின் அறைக்குக் கூப்பிட்டார்கள். வலெரி முகம் வெளுத்து நின்றாள். முசியே மொரெலின் கை தொலைபேசியின் மேல் இருந்தது.

"மதாம் ப்ரூதான், நான் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். வெளியே நிற்பவர் தன் சொந்த மகளை மணந்து, அவளிடம் ஒரு பிள்ளையும் பெற்றிருக்கிறார்."

மேசை மேல் இரண்டு கார்த்துகள் இருந்தன. வெளியே நிற்பவருடையது: குடும்பப் பெயர் கந்தையா, சொந்தப் பெயர் சிவலிங்கம். மனைவியுடையது: குடும்பப் பெயர் சிவலிங்கம், சொந்தப் பெயர் புஷ்பமலர். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த கடவுச்சீட்டில் புருஷன் பெயர் முன்னால் ஏறியிருந்தது. கார்த்து அதை அப்படியே வாங்கிக்கொண்டது. என் குறிப்பின்படி குடும்பப் பெயர் என்றால் தகப்பன் பெயர். ஆகவே புஷ்பமலர் சிவலிங்கத்தின் மகள்.

"நான் அவரிடமே கேட்டேன்" என்றாள் வலெரி. "இந்த அம்மாவின் குடும்பப் பெயர் சிவலிங்கம், அது யார் என்று கேட்டேன். நெஞ்சில் தட்டி, 'நான்! நான்!' என்றார். அப்படியானால் நீங்கள்தான் பப்பாவா என்றேன். 'உய், உய்! பப்பா, செ முவா!' என்றார். மிகவும் சந்தோஷமாகச் சொன்னார், மதாம். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது."

அன்றைக்கு நான்கு நாளாகத் தூங்காத ஒரு மனிதர், பிள்ளை பிறந்த பூரிப்பில், நீதான் அப்பாவா என்று கேட்டால், ஆமாம், நான்தான் என்பதைத் தவிர வேறென்ன சொல்வார்?

என் குறிப்பில் ஒரு வரி விட்டுப்போயிற்று என்றேன். முசியே மொரெல் நம்பவில்லை. இரண்டு வருடமாகச் சுவரில் இருக்கிற குறிப்பு எப்படித் தப்பாக இருக்கும்? அவர் தொலைபேசியை எடுத்தார். அந்த அழைப்பு போய்விட்டால் பதிவு நிற்கும், விசாரணை வரும், ஐந்து மணிக்கு அலுவலகம் மூடும்; பிள்ளையின் கெடுவுக்கு அன்றுதான் கடைசி நாள். ஏதாவது கண்ணில் படாதா என்று கார்த்துகளையே பார்த்தேன். பெயர்களை எல்லோரும் பார்த்தோமே தவிர, அதற்குக் கீழே இருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

"முசியே, பிறந்த தேதி."

அவர் ஒரு தாளை எடுத்தார். சிவலிங்கத்தின் வயது முப்பத்திரண்டு. மனைவியின் வயது இருபத்தொன்பது. ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் கழித்தார். மூன்று. அதன் கீழே கோடு போட்டார். சற்று நேரம் அந்த மூன்றையே பார்த்தார்.

"ஆனால் மதாம் ப்ரூதானே சொல்லியிருக்கிறார்கள்" என்றாள் வலெரி, "அந்த நாட்டுக் காகிதங்களில் சில சமயம் தேதி உத்தேசமாகத்தான் இருக்கும் என்று."

"உத்தேசமாக இருக்கலாம், மத்முவாசெல்" என்றார் முசியே மொரெல். "அற்புதமாக இருக்க முடியாது." தொலைபேசியை வைத்துவிட்டார்.

சிவலிங்கத்தை உள்ளே அழைத்து உட்காரவைத்தோம். நடந்ததை நான் சொல்லவில்லை. முசியே மொரெல் முறைப்படி படிவத்தை எடுத்தார். பிள்ளையின் சொந்தப் பெயர் ஆரணி. குடும்பப் பெயர், அப்பாவினுடையது: கந்தையா. அதை நான் தமிழில் சொன்னதும் சிவலிங்கத்தின் சிரிப்பு நின்றது.

"கந்தையா என்ரை அப்பாவெல்லோ அக்கா? பிள்ளை எனக்கெல்லோ பிறந்தது?"

"சட்டப்படி உங்க குடும்பப் பெயர்தாங்க பிள்ளைக்கு வரும்."

"அது என்ரை பேரே இல்லை! நான் இஞ்சை வந்து ஆறு வருசம். குசினியிலை கந்தையா, வங்கியிலை கந்தையா, ஆசுப்பத்திரியிலை கந்தையா. அப்பா வன்னியிலை இருக்கிறார்; இஞ்சை எல்லாரும் அவரைத்தான் கூப்பிடுறாங்கள். நான் திரும்பிப் பாக்கிறன். சரி, எனக்குப் பரவாயில்லை. பிள்ளையையும் என்ரை தங்கச்சி மாதிரி எழுதினால்?"

நான் மொழிபெயர்த்தேன். முசியே மொரெல், "இன்னும் இல்லை" என்றார்.

எதற்கு 'இன்னும் இல்லை' என்று எனக்குப் புரியவில்லை. அவர் எழுந்து போய் சட்டப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். பக்கத்தைப் புரட்டி, விரலை ஒரு வரியில் வைத்து, இரண்டு முறை படித்தார். பிறகு மனைவியின் கார்த்தை விரல் நுனியால் எங்கள் பக்கம் தள்ளினார்.

"பெற்றோர் விரும்பினால் பிள்ளைக்குத் தாயின் குடும்பப் பெயரைக் கொடுக்கலாம். இந்த அம்மாவின் குடும்பப் பெயர், அரசாங்க அட்டையின்படி, சிவலிங்கம்."

"அது அவங்க பிறந்த பெயர் இல்லையே, முசியே" என்றேன், மெதுவாக.

"மதாம், இவர்கள் கொண்டுவந்த காகிதங்களில் வேறு ஏதாவது குடும்பப் பெயர் இருக்கிறதா?"

தேடினேன். கல்யாணச் சான்றின் மொழிபெயர்ப்பில் பெண்ணின் தகப்பன் நாகலிங்கம் என்று இருந்தது. ஆனால் பெண்ணின் குடும்பப் பெயர் என்று ஒன்றுமே இல்லை. அவர்கள் ஊர்ச் சான்றில் அந்தக் கட்டமே கிடையாது.

"இருப்பதைத்தான் நான் எழுத முடியும்" என்றார். "ஆனால் இதற்கு இருவரும் கையெழுத்திட்ட விண்ணப்பம் இப்போதே வேண்டும். பதிந்த பிறகு கொடுத்தால் செல்லாது. மணி நான்கு ஐந்து."

புஷ்பமலர் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தார். நடந்தால் பதினைந்து நிமிடம். முசியே மொரெல் விண்ணப்பத்தை என் கையில் கொடுத்து, "நீங்கள் மொழிபெயர்த்துச் சொல்லாமல் அந்த அம்மா கையெழுத்திடக் கூடாது" என்றார். வேலை நேரத்தில் என்னை வெளியே அனுப்பியது அந்த ஒரு தடவைதான்.

எனக்கு அப்போது ஐம்பது வயது. குதிகால் உயர்ந்த செருப்பு. சிவலிங்கம் முன்னால் ஓட, நான் பின்னால். வெள்ளிக்கிழமை மாலை நெரிசலில் காய்கறித் தள்ளுவண்டிகளுக்கும் குழந்தை வண்டிகளுக்கும் நடுவில் அவர், "பார்தோன்! பார்தோன்!" என்று கத்திக்கொண்டே போனார். நகைக்கடை வாசலில் நின்ற ஒருவர், "என்னண்ணை, கள்ளனே?" என்று கேட்டார். "இல்லை, பிள்ளைக்குப் பேர்!" என்றார் சிவலிங்கம். அந்த மனிதரும் எதற்கென்று தெரியாமலே கொஞ்ச தூரம் எங்களோடு ஓடிவந்தார்.

புஷ்பமலர் சின்ன உருவம். பிள்ளையை நெஞ்சில் சாய்த்து வைத்திருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். புருஷனின் மகளாகத் தன்னை நினைத்துவிட்டார்கள் என்ற இடம் வந்ததும் சிரிக்கத் தொடங்கினார். சிரித்தால் தையல் வலித்தது. வலித்ததால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னும் சிரித்தார்.

"மகளோ? அப்ப இந்தாள் எனக்குச் சீதனம் தரவேணுமெல்லோ!"

சிவலிங்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சிரிப்பு அடங்கியதும் புஷ்பமலர் கேட்ட கேள்விக்கு நான் தயாராக இல்லை. "அப்ப என்ரை அப்பான்ரை பேர் எங்கை அக்கா?"

மழுப்பியிருக்கலாம். மணி நான்கு இருபத்தைந்து. ஆனால் மொழிபெயர்த்துச் சொல்லாமல் கையெழுத்து வாங்கக் கூடாது என்று அனுப்பியிருக்கிறார்கள். உள்ளதைச் சொன்னேன். உங்கள் கார்த்தில் அப்பா பெயர் இப்போதே இல்லை. திருத்தக் கேட்கலாம், நாளாகும். அப்படித் திருத்தினால் பிள்ளையின் பெயரையும் தொட வேண்டி வரலாம். இதில் கையெழுத்திட்டால், கந்தையாவும் போய், நாகலிங்கமும் போய், சிவலிங்கம்தான் நிற்கும்.

அவர் பிள்ளையைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். "இவருக்கு மட்டும் ஒரு கட்டம் முழுசாக் கிடைக்குது. என்ரை அப்பா என்னைப் படிப்பிக்கக் காணி வித்தவர். அவருக்கு ஒண்டுமில்லையோ? நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"புஷ்பா, அஞ்சு மணிக்குப் பூட்டிப் போடுவாங்கள்" என்றார் சிவலிங்கம்.

"பூட்டட்டும்."

எனக்கு அந்த நொடியில்தான் நினைவு வந்தது. பிரெஞ்சுப் பதிவில் பிள்ளைக்கு ஒரு சொந்தப் பெயர்தான் வைக்க வேண்டும் என்றில்லை. இரண்டு, மூன்று, நான்கு கூட வைக்கலாம். எங்கள் குடும்பத்தில் ஞானஸ்நானப் பெயர்களை அப்படித்தான் அடுக்குவோம். சொன்னேன்.

"ரெண்டாவது பேரா என்ரை அப்பாவைப் போடலாமோ? பொம்பிளைப் பிள்ளைக்கு?"

"போடலாம்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறது காணாது அக்கா. போடவேணும்." பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார்.

நாங்கள் திரும்பியபோது ஐந்துக்கு எட்டு நிமிடம். வலெரி வாசல் கதவைக் காலால் தடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். முசியே மொரெல் பேனாவோடு காத்திருந்தார். 'ஆரணி நாகலிங்கம்' என்று நான் சொன்னதும் பேனா நின்றது.

"நாகலிங்கம் ஆண் பெயர் அல்லவா?"

"தாயின் தகப்பனார், முசியே. அந்த அம்மா இது இல்லாமல் கையெழுத்திட மாட்டேன் என்றார்கள்."

அவர் யோசித்தார். எனக்கு 'இன்னும் இல்லை' காதில் விழுவது போலவே இருந்தது. "என் இரண்டாவது பெயர் மரி" என்றார் கடைசியில். "என் பாட்டியின் பெயர். எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை." எழுதினார்.

எழுதி முடித்ததும் பதிவை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். கேட்டபின் அறிவித்தவர் கையெழுத்திட வேண்டும். முசியே மொரெல் எழுந்து நின்று படித்தார். ஆரணி நாகலிங்கம் சிவலிங்கம், பெண், தகப்பன் சிவலிங்கம் கந்தையா, தாய் புஷ்பமலர் சிவலிங்கம். ஒரு பச்சைப் பிள்ளையைச் சுற்றி மூன்று ஆண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்தது போல இருந்தது. அவர் வாயில் சிவலிங்கம் 'சிவலேங்காம்' ஆகியிருந்தது. ஆனாலும் அது தன் பெயர்தான் என்று சிவலிங்கத்துக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, திருப்பி ஒருக்கா வாசிக்கச் சொல்லுங்கோ."

"ஏங்க, தப்பு இருக்கா?"

"பிழையில்லை. இஞ்சை ஒரு அரசாங்கக் கந்தோரிலை என்ரை பேரைச் சத்தமா வாசிச்சு இப்பதான் கேக்கிறன்."

ஒருமுறை படித்தால் போதும் என்பது விதி. முசியே மொரெல் இரண்டாவது முறையும் படித்தார், இன்னும் கொஞ்சம் மெதுவாக. சிவலிங்கம் தமிழில் கையெழுத்திட்டார். கோடு இழுத்து, பதிவேட்டை மூடி, முசியே மொரெல் மேசையைச் சுற்றி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள், முசியே கந்தையா!"

வலெரி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் திருத்தப் போனேன். சிவலிங்கம் என் கையைத் தொட்டுத் தடுத்தார்.

"விடுங்கோ அக்கா. அவர் எங்கடை அப்பாவுக்குச் சொல்லுறார். நான் போன் எடுத்துச் சொல்லிவிடுறன்."